பயணத்தின் முதற் செலவு யாருக்கு?

பெண்களுக்கான வாராந்த மார்க்க வகுப்பை முடித்துக் கிதாபை மூடி வைத்த நேரம். திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"ஹஸ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத விசயம்."

"கேளுங்க தங்கச்சி."

"லீவுக்கு எல்லாருமாத் திருகோணமலைப் பக்கம் போக இருக்கிறம். எங்கட உம்மா பிறந்த ஊர் கிண்ணியா. கடைசியா அவ அங்க போனது பாலம் போட முதல், பாதையில ஏறி. உம்மாட தங்கச்சி இப்ப படுத்த படுக்கையில. ஒருக்கா முகத்தைப் பார்த்திட்டு வரணுமெண்டு உம்மா அழுறா. அதுக்காக ஒரு வருசமாச் சீட்டுப் பிடிச்சிக் காசு சேர்த்தேன். இப்ப அவர் சொல்றார், காணியில நிக்கிற நாயைப் பார்க்க ஆளில்லை, பயணத்தை விடுவம் எண்டு. இல்லாட்டி அவிழ்த்து விட்டிட்டுப் போவம், தன்பாட்டுக்குத் தின்னட்டும் எண்டும் சொல்றார். நாயை வேன்ல கொண்டு போகலாமா, ஹஸ்ரத்? விட்டிட்டுப் போனா குற்றமா?"

மற்றப் பெண்களில் ஓரிருவர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை நான் ஒரு காலத்தில் என்னிடமே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதன் வலி இன்றும் மனதில் இருக்கிறது.

என் காணியில் நடந்தது

குருநாகல் மாவட்டத்தில் வாப்பா விட்டுச் சென்ற சிறு தென்னங்காணி ஒன்று எனக்கு உண்டு. தேங்காய்க் களவும் காட்டுப்பன்றித் தொல்லையும் இருந்ததால் வாப்பா காலத்திலிருந்தே அங்கு ஒரு காவல் நாய் நிற்கும். அப்போது நின்றது டைகர் என்று பிள்ளைகள் பெயர் வைத்த செம்மஞ்சள் நிற நாட்டு நாய்.

2014 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிள்ளைகளோடு நுவரெலியாவுக்கு நான்கு நாள் பயணம் போனோம். டைகருக்குச் சோறும் தண்ணீரும் வைக்க அயலில் உள்ள ஒரு பையனைக் கேட்டேன். 600 ரூபா கேட்டான். நான் 300 ரூபா என்றேன். பையன் தலையை ஆட்டினான். காசைக் கொடுத்தேன். மிச்சம் பிடித்துவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு திருப்தி. நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமும் பலூனும் வாங்கியதில் அந்த 300 ரூபா ஒரே மாலையில் போய்விட்டது.

ஞாயிறு மாலை திரும்பி வந்தோம். காணிக் கடப்பைத் திறந்தபோது வழமையாகக் கேட்கும் குரைப்புச் சத்தம் கேட்கவில்லை. தென்னையில் கட்டிய சங்கிலி இழுபட்டு மண்ணில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. டைகர் மரத்தடியில் நாக்கு வெளியே தொங்கப் படுத்திருந்தது. எழுந்திருக்கவில்லை, வாலை மட்டும் ஒரு தடவை அசைத்தது.

என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற ஊற்றக் குடித்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டது.

மறுநாள் அந்தப் பையனிடம் கோபத்தோடு போனேன். அவன் பயப்படாமல் சொன்னான்: "ஹஸ்ரத், நாலு நாளைக்கு 600 கேட்டேன். நீங்க 300 தந்தீங்க. ரெண்டு நாள் வந்தேன்தானே?"

அவன் செய்தது சரியென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை. பயணச் செலவில் நான் மிச்சம் பிடித்த காசு வாயில்லாத ஒரு ஜீவனின் இரண்டு நாள் தண்ணீர். பூனையொன்றைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல் அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகவே வேதனை செய்யப்பட்டாள் என்ற ஹதீஸை எத்தனை வருடம் மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன்! என் காணியில் கிடந்த சங்கிலியைப் பார்த்த அன்றுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

மார்க்கம் சொல்வது என்ன?

நாய் என்றால் அசுத்தம் என்பதோடு நம்மில் பலரின் அறிவு நின்றுவிடுகிறது. அசுத்தம் என்பது வேறு, அநீதி செய்யலாம் என்பது வேறு.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நாய் கடும் நஜீஸ். அதன் எச்சிலோ, ஈரமான உடம்போ நம்மில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். அதன் உடம்பும் நமது உடுப்பும் காய்ந்த நிலையில் உரசினால் நஜீஸ் ஒட்டுவதில்லை. மாலிக்கி மத்ஹபில் நாய் சுத்தமானதாகவே கருதப்படுகிறது என்பதையும் அறிந்து வைத்தால், பிறரைப் பழிக்கும் வாய் அடங்கும்.

தேவையின்றி, அழகுக்காகவும் பெருமைக்காகவும் நாய் வளர்ப்பதை மார்க்கம் வெறுக்கிறது. வேட்டைக்கும் மந்தைக்கும் விவசாயத்துக்கும் அனுமதி உண்டு. அவற்றோடு ஒப்பிட்டு வீட்டுக் காவலுக்கும் ஆகும் என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் கூறியுள்ளார்கள். ஆனால் அனுமதிக்கப்பட்ட நாயானாலும், அதைக் கட்டிப்போட்டவன் மீது அதன் தீனியும் தண்ணீரும் கடமையாகிவிடுகின்றன. சங்கிலி போட்டதும் அது தேடித் தின்னும் வழியை நாமே அடைத்துவிட்டோம் அல்லவா?

கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் அள்ளித் தாகித்த நாய்க்குப் புகட்டிய மனிதனின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். குகைத் தோழர்களோடு ஒரு நாயும் பயணம் போனது, அது குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்தது என்று குர்ஆனின் 18 ஆவது அத்தியாயமான ஸூரத்துல் கஹ்ஃபில் காண்கிறோம். நாயின் இடம் வாசல். ஆனால் அந்த வாசலில் அது மறக்கப்படவில்லை.

"கொண்டு போகலாமா?"

வேனில் கொண்டு போவது ஹராம் இல்லை. ஆனால் இடம், பொருள், ஏவல் பார்க்க வேண்டும். முதலில் போகும் வீட்டாரின் மனம். நோயாளி படுத்திருக்கும், தொழுகை நடக்கும் ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் நாயோடு போய் இறங்குவது விருந்தாளிக்கு அழகல்ல. குறைந்த வாடகை விடுதிகளில் நாயை ஏற்பவை மிகக் குறைவு. முன்கூட்டிக் கேட்டு, வாயால் சொன்னதை எழுத்திலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பார்க்கப் போகும் இடங்களையும் எண்ணிப் பாருங்கள். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு தேசியப் பூங்கா. தேசியப் பூங்காக்களுக்குள் வளர்ப்பு நாய்க்கு இடமில்லை. நாயிடமிருந்து காட்டு மிருகங்களுக்கு நோய் தொற்றும் என்பது அதற்கொரு காரணம். திருகோணமலைக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. அங்கு நாயோடு போனால் மானுக்கும் நிம்மதியில்லை, நமக்கும் இல்லை. ஹபரணைப் பகுதியில் யானைகள் தெருவைக் கடக்கும். யானை நாயைக் கண்டால் மிரளும். அங்கே நாயை இறக்கி விடுவது குடும்பத்தையே ஆபத்தில் விடுவதாகும்.

அப்படியும் கொண்டு போகத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

- விசர்நாய்த் தடுப்பூசி அந்த ஆண்டுக்குரியது போடப்பட்டிருக்க வேண்டும். அட்டையைக் கையோடு எடுங்கள்.
- புறப்பட மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் உணவை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். வயிறு நிறையத் தின்ற நாய் வளைவுப் பாதையில் வாந்தி எடுக்கும்.
- பின் பகுதியில் ரெக்சின் விரித்து, பிள்ளைகள் அமரும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள். ஒரு பையில் சுத்தமான மண்ணும் ஒரு கான் தண்ணீரும் இருந்தால், எச்சில் பட்ட இடத்தைக் கழுவி வேளைக்குத் தொழலாம்.
- இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கயிற்றோடு நடக்க விடுங்கள்.
- கடைக்குள் சாப்பிடப் போகும்போது பூட்டிய வேனுக்குள் நாயை விட்டுப் போகவே வேண்டாம். வெயிலில் நிற்கும் வாகனத்தின் உட்சூடு 10 நிமிடத்தில் ஏறக்குறைய 10 பாகை கூடிவிடும். நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்த்துச் சூடாற நாயால் முடியாது. இளைத்து இளைத்தே அது சூட்டைத் தணிக்கிறது.
- கடற்கரைக்கு ஸுபஹுக்குப் பின்னோ அஸருக்குப் பின்னோ போங்கள். நண்பகல் மணல் அதன் பாதத்தைச் சுடும். உப்புத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

இவ்வளவையும் கேட்ட அந்தச் சகோதரி, "அப்ப கொண்டு போறது செலவும் சிரமமும்தான்" என்றார். உண்மை. பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு நாயைக் காணியிலேயே நிறுத்தி, பொறுப்பான ஆளை அமர்த்துவதுதான் பொருத்தம்.

அவிழ்த்து விட்டுப் போவது

அவிழ்த்து விட்டால் தன்பாட்டுக்குத் தின்னும் என்பது தவறான கணக்கு. கட்டிப் பழகிய நாய் தெருவில் வாகனத்துக்கு அடிபடும். அயலாரின் கோழியைப் பிடிக்கும். தெருநாய்களோடு சண்டையிட்டு விசர்நோயைத் தேடிக்கொள்ளும். நம் நாட்டில் இந்நோய் மனிதருக்குப் பெரும்பாலும் நாய்க் கடியாலேயே வருகிறது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக உயிர் தப்புவதில்லை. எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும் முறை

என் அனுபவத்தில் கற்ற பாடங்கள் இவை.

ஒன்று: கேட்ட கூலியைக் குறைக்காதீர்கள். பாதியை முன்னால், பாதியைத் திரும்பி வந்ததும் கொடுங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று இருவருக்கும் விளங்கப் பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டு: புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாளும் நீங்கள் நிற்கும்போதே அவர் கையால் சோறு வைக்கச் சொல்லுங்கள். நாய் அவரை அறிய வேண்டும், அவரும் வேலையை அறிய வேண்டும்.

மூன்று: அவர் நோயில் விழுந்தால் பார்க்க இன்னொருவர் வேண்டும். நம் காணிக்கு இப்போது அயலிலுள்ள வயதான சிங்களச் சகோதரர் ஒருவர்தான் அந்த இரண்டாவது ஆள். பிராணிகள் மீது அவருக்குள்ள இரக்கத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டதுண்டு.

நான்கு: தண்ணீர் இரண்டு பாத்திரத்தில் இருக்கட்டும். கவிழாத கனமான சட்டியாகப் பாருங்கள். தென்னை நிழல் நிற்கும் நிழலல்ல, வெயிலோடு நகரும். காலையில் நிழலாக இருந்த இடம் நண்பகலில் வெயிலாகிவிடும். ஓலையால் ஒரு சிறு கொட்டில் போட்டுக் கொடுங்கள். சங்கிலி மரத்தைச் சுற்றிச் சிக்காத இடமாக இருக்க வேண்டும்.

ஐந்து: என்ன கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். வெங்காயம் சேர்ந்த கறி, சமைத்த கோழி எலும்பு, சொக்லட், முந்திரிகை வத்தல் ஆகியவை நாய்க்குத் தீங்கு. வெறும் சோறும் அவித்த மீனும் போதும்.

ஆறு: தினமும் ஒரு தடவை தொலைபேசியில் கேளுங்கள். கையடக்கத் தொலைபேசி இருப்பவரென்றால் ஒரு படம் அனுப்பச் சொல்லலாம். சந்தேகப்படுவதாக அவர் நினைக்காதபடி, "டைகர் சாப்பிட்டதா?" என்று பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

பூனை, கோழி, ஆடு வைத்திருப்போருக்கும் இதே முறைதான்.

கையில் உள்ள காசைப் பங்கிடுதல்

இனிக் காசுக் கணக்கு. பயணத்துக்கென்று உள்ள தொகையைப் பத்துப் பங்காக்குங்கள். நான்கு பங்கு வாகனத்துக்கு. இரண்டு பங்கு தங்குவதற்கு, அல்லது தங்கும் வீட்டாருக்கு. இரண்டு பங்கு சாப்பாட்டுக்கு. ஒரு பங்கு எதிர்பாராத செலவுக்கு. மீதி ஒரு பங்கு வீட்டில் நிற்கும் ஜீவனுக்கும் அதைப் பார்ப்பவருக்கும். இந்தக் கடைசிப் பங்கை முதலில் எடுத்துத் தனியாக ஒரு உறையில் வைத்துவிடுங்கள். கடைசியில் எடுக்கலாம் என்று விட்டால் அது மிஞ்சாது.

உறவினர் வீட்டில் தங்குவது இலவசம் என்று எண்ண வேண்டாம். விருந்தோம்பலுக்கு மூன்று நாள் எல்லை இருக்கிறது, அதற்கு மேல் வீட்டாரை நெருக்கக் கூடாது. நம் பக்கத்தில் விளையும் தேங்காய், அரிசி என்று எதையாவது கட்டிக்கொண்டு போனால் அவர்களின் பாரம் குறையும். பகற்சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளலாம். ரொட்டியும் மாசிச் சம்பலும் ஒரு நாள் முழுக்கத் தாங்கும்.

வேன் என்றால் ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். எட்டுப் பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும், நான்கு பேருக்கு பஸ்தான் மலிவு. குருநாகலிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகப் போவது ஏ6 நெடுஞ்சாலை. ரயில் பாதை மாகோ வழியாகக் கல்ஓயாவுக்குப் போய், அங்கே திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்குமாகப் பிரிகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாட்டின் ரயில் பாதைகளுக்கும் தெருக்களுக்கும் பெருஞ்சேதம் விளைவித்தது. ஆகவே எங்கு போவதானாலும் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்த பின் நாளைக் குறியுங்கள்.

காலத்தையும் பாருங்கள். கிழக்குக் கடல் ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். டிசம்பரில் வாடைக் காற்றும் மழையும். ஆகஸ்டில் உல்லாசப் பயணிகள் கூடுவதால் விடுதி வாடகை ஏறும். வார இறுதியைத் தவிர்த்து நடுவாரத்தில் போனால் சற்றுக் குறையும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், கடற்கரை, இயற்கைத் துறைமுகத்தின் காட்சி இவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவு தேவையில்லை.

இவ்வளவு தூரப் பயணத்தில் ளுஹர், அஸர், இஷாவைச் சுருக்கித் தொழும் சலுகையும் உண்டு. வழியில் எந்தப் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடவசதி இருக்கிறது என்று முன்பே கேட்டு வைத்தால் தொழுகையும் தவறாது, அலைச்சலும் இல்லை.

அந்தச் சகோதரியின் கணக்கு

அன்று திரைக்குப் பின்னால் ஒரு கொப்பியில் கணக்குப் பார்த்தார்கள். நான்கு இரவு போவதாக இருந்தது. காவல் ஆளுக்குக் கேட்ட கூலியைக் கொடுத்தால் காசு போதாது. "அப்ப கூலியைக் கொஞ்சம் குறைச்சிப் பேசினா..." என்று ஒரு பெண் ஆரம்பித்தார். நான் என் 300 ரூபாக் கதையைச் சொன்னேன். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சகோதரியே சொன்னார்: "நாலு இரவை ரெண்டு இரவாக்குவம், ஹஸ்ரத். உம்மாக்கு வேணும் எண்டது கடல் இல்லையே, தங்கச்சிதானே."

லீவு முடிந்து வகுப்புக்கு வந்தபோது விசாரித்தேன். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் வேன் ஏறியதும் உம்மா, "பாதை எங்க?" என்று கேட்டுக் கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பேச்சு இழந்து கிடந்த சாச்சி, உம்மா தலையைத் தடவியதும் கண்ணைத் திறந்தாராம். இரண்டு இரவும் அக்காவும் தங்கையும் ஒரே அறையில். பிள்ளைகள் ஒரு மாலை மட்டும் கடலில் குளித்தார்கள். மூன்றாம் நாள் பகல் புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

"நாய்?" என்று கேட்டேன்.

"வேன் சத்தம் கேட்டதுமே குரைக்கத் தொடங்கிட்டுது, ஹஸ்ரத். சட்டியில தண்ணியும் பாதி இருந்திச்சி."

சகோதரிகளே, அடுத்த லீவுக்குப் பையைக் கட்டும் முன் வீட்டுக் கொல்லையையும் காணியையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். நாம் பூட்டிவிட்டுப் போகும் கடப்புக்குள் நிற்பதற்கு வாய் இல்லை. அதன் பசியைக் கேட்க ஒருவன் இருக்கிறான்.